நல்லதும் சொல்ல மாட்டேன்

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில் ஃபோன் அடித்தது. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்தான். கெட்டிக்காரப் பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"தூங்கினா எப்படி எடுப்பேன், சொல்லு."

"அறந்தாங்கிப் பக்கத்துல இருந்து ஒருத்தவங்க பேசுனாங்க. நம்ம ஊர்ல பொண்ணு பாத்திருக்காங்களாம். பொண்ணுக்கு ஒடம்புக்குக் கிடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேக்குறாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாதுக்கா, எனக்கு நல்லாத் தெரியும். தாராளமாக் கட்டுங்கன்னு சொல்லிரலாம்ல?"

"சொல்லாத."

"நல்லதுதானக்கா சொல்லப் போறேன்."

"நல்லதுன்னாலும் சொல்லாத. நல்லதுன்னாத்தான் முக்கியமாச் சொல்லாத."

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அந்தச் சரிக்காவில் ஒரு சரியும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபோனில் விளக்கினால் குறுக்கே குறுக்கே பேசுவாள். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இப்போது நான் இருப்பது அன்னவாசல் பக்கம், பிறந்த ஊரில். மதியத்தில் படுத்தால் தூக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கிற ஒரு பொழுது வரும். மின்விசிறிச் சத்தம் மெல்ல மெல்லக் கடல் சத்தமாகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு மனிதர்கள் நினைவுக்கு வருவதில்லை, தண்ணீர்த் தொட்டிகள் நினைவுக்கு வரும். நான் வேலை பார்த்த கடலோர ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்து நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதற்குள் என் டார்ச் வெளிச்சம் வட்டமாக விழுந்து ஆடிக்கொண்டிருக்கும். ஒரு தொட்டி முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று தெரு நீண்டுகொண்டே போகும். விழித்துப் பார்த்தால் மணி நான்காகியிருக்கும்.

பதினெட்டு மாதப் பயிற்சியில் ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், மேசை கொள்ளாத அளவுக்குப் பதிவேடு எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு பாடம் இருந்தது. அரைப் பக்கம்தான். பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிவிட்டோம். முதல் வேலை மீமிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோர ஊரில், துணை சுகாதார நிலையத்தில் கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். மீதிப் பேர் கடலிலும் கடையிலும் வயலிலும் இருந்தார்கள். பகலில் அந்த ஊர் முழுக்கப் பெண்களுடைய ஊர்தான்.

வேலையைப் பழகப் பழக ஒன்று புரிந்தது. கேள்வி கேட்பது ஒரு கலை, தனியாகக் கேட்பது அதைவிடப் பெரிய கலை. புது மருமகளிடம் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார். அவரை எழுப்பி அனுப்ப வேண்டும். "மாமி, ஒரு சொம்புத் தண்ணி தாங்க" என்பேன். குடத்துத் தண்ணீரைக் கொடுத்தால், "வெந்நிதான் குடிக்கிறேன், தொண்டை சரியில்லை" என்பேன். வெந்நீர் காய்கிற நேரத்துக்குள் மூன்று கேள்வி கேட்டுவிடலாம். அந்த ஊரில் என் தொண்டை வருடக்கணக்கில் சரியாகவே இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவள்தான் பெரிய தப்பையும் செய்தேன்.

பெண் பார்ப்பவர்கள் நிச்சயத்துக்கு முன்னால் விசாரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஜமாஅத்தில் கேட்பார்கள், பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்பார்கள், கடைசியில் நர்ஸம்மாவிடம் வருவார்கள். முகம் தெரியாத வெளியூர் அம்மா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "தலைவலி மாத்திரை இருக்குமாம்மா" என்று ஆரம்பித்தால் அவருக்குத் தலைவலி இல்லை என்று அர்த்தம். நானும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கேட்ட பெண்ணைப் பற்றி மனதார நல்லதைச் சொல்வேன். "தங்கமான புள்ள, ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க." யாரைப் பற்றியும் கெட்டதைச் சொன்னதில்லை. நல்லதுதானே சொல்கிறோம், நாலு பேர் வாழட்டும் என்ற எண்ணம்தான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். அந்த மரியாதையும் எனக்குப் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை இங்கே சொல்லியாக வேண்டும். ஆவூர்க்காரர். ஒல்லியான மனிதர், குரல் இருக்கிறதா இல்லையா என்று தோன்றும்படி பேசுவார். அவர் அறைக்குக் கதவு இருந்தது. ஆனால் நம் ஜனம் கதவுக்கு வெளியே நிற்குமா, மேசையைச் சுற்றி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். விரட்டிப் பார்த்து அலுத்துப்போய் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேசைமேல் ஒரு பழைய டேபிள் ஃபேன் உண்டு. கூண்டு ஆடி, லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி சத்தம் போடும். நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்ததும் அதை முழு வேகத்தில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து காதைக் கொடுப்பார். பேசி முடித்ததும் நிறுத்துவார். அடுத்த ஆள் உட்கார்ந்ததும் மறுபடி போடுவார்.

ஐப்பசி அடைமழையிலும் போடுவார். சாதாரணச் சளிக்கும் போடுவார். நடுங்கிக்கொண்டே ஒரு கடல்காரர், "டாக்டரய்யா, குளுருதுங்க" என்றால், "குளுரட்டும், நீங்க சொல்லுங்க" என்பார். நாங்கள் அவருக்கு ஃபேன் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். சளிக்காரனுக்கு எதற்கு ரகசியம் என்று நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ஷமீமா என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயரில்லை. எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். "பேரையும் ஊரையும் மாத்திருங்கக்கா, மத்தத எழுதுங்க" என்றாள்.

ஷமீமாவுக்கு அப்போது இருபது வயது. வாப்பா சவூதியில் இருந்தார். வீட்டில் அவளும் உம்மாவும் மட்டும். கழுத்தில் நெறி கட்டியிருந்ததைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் காசநோய்க் கட்டி என்று தெரிந்தது. நுரையீரலில் ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஆறு மாதம் மாத்திரை விழுங்கினால் போய்விடும். ஆனால் அந்த நோயின் பெயர் போதும், ஒரு வீட்டை மூன்று தலைமுறைக்கு ஒதுக்கிவைக்க. சத்து மாத்திரை வாங்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு உம்மாவும் மகளும் நிலையத்துக்கு வருவார்கள். என் கண் முன்னால் விழுங்கிவிட்டுப் போவாள். நான்காம் மாதம் முடியும்போது கட்டி அமுங்கி, கழுத்து பழையபடி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் சம்பந்தம் வந்தது. குடையோடு ஓர் அம்மா வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார். பிறகு ஷமீமாவைப் பற்றிக் கேட்டார்.

ஒரு நோயும் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது என்று சொன்னால் துரோகம். தாண்டிப்போன அந்த அரைப் பக்கம் அப்போது பார்த்துத்தான் ஞாபகம் வந்தது.

"அதெல்லாம் நாங்க வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

சரியாகச் சொன்னோம் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இதே தெருவுல போன வருசம் எங்க நாத்தனார் மகனுக்கு வேற புள்ளையக் கேட்டப்ப, தங்கம்னு சொன்னீங்களே" என்றார். மாத்திரையை எடுக்காமலே எழுந்து போனார்.

மூன்றாம் நாள் சம்பந்தம் முறிந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர் வாய்க்கு ஒரு வெற்றிடம் கிடைத்துவிட்டது. நர்ஸே வாயைத் திறக்கவில்லை என்றால் என்னவோ பெரிதாக இருக்கிறது என்றார்கள். வலிப்பு என்றார் ஒருவர். கர்ப்பப்பை இல்லை என்றார் இன்னொருவர். கலைத்திருக்கிறாள் என்றும் ஒரு பேச்சு வந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்திருந்தேன்.

ஷமீமா நிலையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. பாதியில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் அதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம். வீட்டுக்குப் போனேன். உம்மா கதவைப் பாதி திறந்து, "எங்க வீட்டு வாசல்ல நிக்காதீங்கம்மா. நீங்க வந்து நின்னாலே தெருவே பாக்குது. எம்புள்ளைக்கு நீங்க செஞ்சது போதும்" என்றார். கதவைச் சாத்திவிட்டார். எதிர் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது எனக்கே தெரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். மெமோ கொடுத்தாலும் சரி, மாற்றல் கொடுத்தாலும் சரி என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றதும் அவர் ஃபேனைப் போட்டார். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பின்னால் ஜனம் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் சத்தத்துக்குள்ளே நானும் அவரும் மட்டும் ஒரு சின்ன அறைக்குள் இருப்பதுபோல் இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது.

அவர் திட்டவில்லை. பேனா மூடியைத் திருகி மூடினார். பிறகு சொன்னார்:

"சளிக்காரனுக்கும் இதைப் போடுறேன்னு சிரிப்பீங்கள்ல. எல்லாருக்கும் போடுறதாலதாம்மா இது ஃபேன். ஒருத்தருக்கு மட்டும் போட்டா அது தண்டோரா."

அவ்வளவுதான். ஃபேனை நிறுத்திவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே உப்பு நிலம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பெண்களைப் பற்றி நல்லது சொன்ன வாய், பதினோராவது பெண்ணுக்கு மூடினால் அந்த மூடலே பதிலாகிவிடுகிறது. ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், ரகசியமே இல்லாத மற்ற பத்துப் பேரைப் பற்றியும் பேசாமல் இருந்திருக்க வேண்டும். வாசலும் அப்படித்தான். ஒரு வாசலில் நின்றால்தான் தெரு பார்க்கும். எல்லா வாசலிலும் நின்றால் யாரைப் பார்ப்பது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகை முடிந்த நேரத்தில், டார்ச்சும் கொசுப்புழு மருந்தும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவின் முதல் வீட்டில் ஆரம்பித்தேன். தொட்டியில் புழு இருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்றுதான், நான்தான் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒரு வீடு விடவில்லை. கொல்லைக்குப் போவது, தொட்டி மூடியைத் தூக்குவது, டார்ச் அடிப்பது, ஐந்து நிமிடம் உட்கார்வது, ரத்தக்கொதிப்பு பார்ப்பது, அடுத்த வீடு. ஷமீமா வீட்டு உம்மாவால் என்னைத் தடுக்க முடியவில்லை. எல்லா வீட்டுக்கும் வருகிறவளை ஒரு வீடு மட்டும் தடுத்தால் அதுவும் பேச்சாகும் என்று அவருக்கும் தெரியும்.

கொல்லையில் ஷமீமா தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உச்சி வெயில் வெளியே கொதித்துக்கொண்டிருக்க, தொட்டி ஓரத்தில் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீருக்குள் டார்ச் வட்டம் அசைந்து எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. ஒரு வார மாத்திரை அட்டையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அக்கா, நீங்க இன்ன நோயின்னு சொல்லியிருந்தாக்கூட ஆறு மாசத்துல தீந்துருமேன்னு சொல்லியிருப்பேன். ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டீங்க. இப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுக்குன்னு நான் பதில் சொல்ல?"

"தப்புதாம்மா" என்றேன். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே தொட்டிக்குள் என் முகம் மட்டும் தெரிந்தது.

அந்த வாரத்திலேயே சோதனை வந்தது. அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு பெண். அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கியவள். விசாரிக்க ஆள் வந்தார்கள். வாயில் வார்த்தை வந்துவிட்டது, விழுங்கினேன். "இனிமே நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லம்மா. இந்தப் புள்ளையப் பத்தியும் இல்ல, நாளைக்கு ஒங்க வீட்டுப் புள்ளையப் பத்தி யாரும் கேட்டு வந்தா அதுவும் இல்ல" என்றேன். வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலமே அந்தப் பெண்ணின் உம்மா நிலையத்து வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"எம்புள்ளைக்கு என்ன கொறை? கல்லு மாதிரி இருக்கா. ஒரு வார்த்தை நல்லது சொன்னா ஒங்க நாக்கு அழுகிருமா? எல்லாருக்கும் சொன்னீங்கள்ல, எம்புள்ளைக்கு மட்டும் என்ன கேடு?"

"இனிமே எல்லாருக்கும் இப்படித்தாங்க."

"நல்லதச் சொல்ல என்னங்க?"

"நல்லதும் சொல்ல மாட்டேங்க."

தெருவே கேட்டது. அந்தச் சம்பந்தமும் முறிந்தால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது என்று அன்றிரவு தூக்கமில்லை. நல்லவேளையாக அது முறியவில்லை. அந்த உம்மா போட்ட சத்தமே என் புதுப் பழக்கத்தை ஊருக்கு அறிவித்துவிட்டது. நர்ஸம்மாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, யாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பந்தி அதோடு போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷமீமா வீட்டுத் தொட்டி மூடியை அவளே தூக்கிவைத்திருந்தாள். நான் டார்ச் அடித்தேன். அவள் கையை நீட்டினாள். அட்டையைக் கொடுத்தேன். முதல் மாத்திரைகளை என் முன்னால், ஒரு குவளைத் தண்ணீரில் விழுங்கினாள். உம்மா அடுக்களையில் இருந்து எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

விட்டுப்போன நாட்களுக்காக டாக்டர் கடைசியில் இன்னும் சில வார மாத்திரை சேர்த்து எழுதினார். அத்தனை செவ்வாயும் நான் தெரு முழுக்க நடந்தேன். அந்த மதியங்களைத்தான் இப்போது படுக்கையில் மறுபடி மறுபடி காண்கிறேன். கடல் காற்றில் உப்பி அடங்குகிற வாசல் திரைகள், எங்கோ ஓடுகிற தையல் மிஷின், தொட்டிக்குத் தொட்டி என் முன்னால் நீந்திப் போகிற அந்த வெளிச்ச வட்டம். கடைசிக் காலி அட்டையை வாங்கிப் பையில் போட்ட அன்றும் மீதி வீடுகளை விடாமல் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்த வருடம் அந்தத் தெருவில் யாருக்கும் டெங்கு வரவில்லை. அதற்கு மேலிடத்தில் எனக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

அடுத்த வருடம் ஷமீமாவுக்கு வேறொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா என்னிடம் வந்தார். "நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சொன்னாங்க, அந்தம்மா வாயத் தொறக்காதுன்னு. இருந்தாலும் கேட்டு வைப்போம்னு வந்தேன்" என்றார். தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். கல்யாணம் நடந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. நோய் தீர்ந்துவிட்டது, சரி. ஆனாலும் கட்டிக்கொண்டவனுக்குத் தெரிய வேண்டாமா, நான் அந்த வீட்டை ஏமாற்றிவிட்டேனா என்று குழம்புவேன். ஷமீமாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்பதே ஒரு தலையீடு என்று தோன்றியது.

கர்ப்பமானதும் பதிவு செய்ய வந்தாள். கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார். நான் பதிவேட்டை விரித்து வயது, எடை, கடைசி மாதவிடாய்த் தேதி என்று வரிசையாகக் கேட்டேன். எடையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். 'முன்பு இருந்த நோய்கள்' என்ற கட்டம் வந்தது. பக்கத்தில் யார் இருந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு, தனியாக இருக்கும்போது நிரப்புவது என் வழக்கம். தாண்டினேன்.

ஷமீமா விரலை அந்தக் கட்டத்தில் வைத்தாள்.

"அக்கா, இத விட்டுட்டீங்க."

நான் அவளைப் பார்த்தேன். கணவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எழுதுங்கக்கா. இவுகளுக்குத் தெரியும். கல்யாணமான மூணாம் நாளே சொல்லிட்டேன். வேற யாரு வாயிலயும் வர்றதுக்கு முந்தி நாந்தான் சொல்லணும்னு இருந்தேன்."

"எங்கிட்ட மட்டுந்தாங்க சொன்னா" என்றார் அவர். "அதுக்கு மேல அது எங்கயும் போகலை."

அப்போது வெளியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "என்னப்பா, உள்ள இம்புட்டு நேரமா என்ன எழுதுறாங்க?"

கணவர் ஷமீமாவைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல உம்மா, எடை பாக்குறாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அந்தக் கட்டத்தை எழுதி முடித்தேன். அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, ஷமீமாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறச் சொன்னேன்.